தைவானில் சைக்கிள்: தீவைச் சுற்றுவதா, மலையைக் கடப்பதா, டென்ட் தேவையா?

தைவானுக்குச் சைக்கிளோடு கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ரூட் நல்லது?" என்றுதான். நான் பதிலுக்கு "டென்ட் எடுக்கிறீர்களா?" என்று கேட்பேன். அது முடிவானால் ரூட் பாதி முடிவாகிவிடும். டென்ட், தூங்கும் பை, விரிப்பு, அடுப்பு, ஒரு பாத்திரம் எல்லாம் சேர்ந்தால் நாலைந்து கிலோ. கடலோரச் சமவெளியில் அந்த எடை ஒரு பொருட்டே இல்லை. கடல் மட்டத்தில் கிளம்பி மூவாயிரம் மீட்டர் ஏறும் சாலையில் ஒவ்வொரு கிலோவும் வட்டி கேட்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டென்ட் தேவையே இல்லாத பாதையில்தான் அதைச் சுமப்பது சுலபம். அது கைகொடுக்கும் பாதையில் சுமை கழுத்தை அறுக்கும்.

தீவின் அமைப்பு தெரிந்தால் மற்றது புரியும். பரப்பளவு சுமார் 36,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல். அதற்குள் 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் 260க்கு மேல் நிற்கின்றன. உயரமானது யூஷான், 3,952 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். இந்த மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்குவரை முதுகெலும்பாக ஓடுகிறது. மேற்கே சமவெளி, தைச்சுங், தைனான், காவ்சியுங் போன்ற பெரிய நகரங்களும் தொழிற்சாலைகளும் ஜனங்களும் அந்தப் பக்கம். கிழக்கே மலை ஏறக்குறைய நேராகக் கடலில் இறங்குகிறது. ஊர்கள் சின்னவை, வண்டிகள் குறைவு.

ஆக, கையில் இருக்கும் வழிகள் மூன்று: முழுத் தீவையும் சுற்றுவது, கிழக்கை மட்டும் ஓட்டுவது, மலையைக் குறுக்கே கடப்பது.

முழுச் சுற்று

தைவான்காரர்கள் இதை ஹுவான்தாவ் என்பார்கள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது செய்துவிட வேண்டும் என்று அங்கே பலருக்கும் ஆசை. ஜயன்ட் சைக்கிள் கம்பெனியை நிறுவிய கிங் லியு 2007இல், தன் 73ஆவது வயதில் இதைச் செய்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது. அரசாங்கம் 2015 இறுதியில் 'முதலாம் எண் சைக்கிள் பாதை' என்று குறியீடு போட்டு முழுச் சுற்றையும் இணைத்தது. சுமார் 950 கிலோமீட்டர். நிதானமாக ஓட்டுகிறவர்கள் பத்து, பன்னிரண்டு நாளில் முடிக்கிறார்கள்.

இதற்கு டென்ட் வேண்டாம். வீணாகச் சுமக்காதீர்கள். எல்லா ஊரிலும் தங்குமிடம் உண்டு. நீங்கள் தாகத்தில் வாடும் முன்னால் ஒரு செவன் இலெவனோ ஃபேமிலி மார்ட்டோ வந்துவிடும். பல கடைகளில் உட்கார இடம், கழிப்பறை, சூடு தண்ணீர், ஏ.டி.எம். எல்லாம் இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் தேயிலைத் தண்ணீரில் வெந்துகொண்டிருக்கும் முட்டையும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் காலைப் பலகாரத்துக்குப் போதும். வழியில் பல போலீஸ் நிலையங்களில் காற்றுப் பம்பும் குடிதண்ணீரும் வைத்திருக்கிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களும் பயப்பட வேண்டாம். பௌத்தர்கள் நடத்தும் சைவக் கடைகளின் பலகையில் சுவஸ்திகா போன்ற சின்னம் இருக்கும். நிறைய கடைகளில் தட்டில் வேண்டியதை எடுத்துக்கொண்டு எடைக்குக் காசு கொடுக்கலாம்.

குறை மேற்குப் பாதியில் இருக்கிறது. சிக்னல், ஸ்கூட்டர் கூட்டம், தொழிற்சாலை ஷெட், மறுபடி சிக்னல். 'சுற்றி முடித்தேன்' என்று சொல்லிக்கொள்ளும் திருப்தி பெரிதென்றால் ஓட்டுங்கள். ஊர் பார்க்கப் போகிறவருக்கு மேற்குக் கரையில் நாலைந்து நாளைச் செலவழிக்க நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்தத் தூரத்தை ரயிலில் போய்விடலாம். சில உள்ளூர் ரயில்களில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், அதற்குத் தனி டிக்கெட். மற்ற ரயில்களிலும் அதிவேக ரயிலிலும் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டால் விடுவார்கள்.

முழுச் சுற்றுக்காரர்களும் ரயிலேற வேண்டிய இடம் ஒன்று உண்டு. வடகிழக்கில் சுஆவுக்கும் ஹுவாலியெனுக்கும் நடுவில் சுஹுவா நெடுஞ்சாலை செங்குத்தான பாறை விளிம்பில் ஓடுகிறது. லாரிகள், கல் சரிவு, குறுகலான வளைவு. புதிதாகக் குடைந்த நீண்ட சுரங்கங்களில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. இந்தத் துண்டை ரயிலில் கடந்ததற்காக உங்கள் சுற்று செல்லாது என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

திசை: கடிகாரத்துக்கு எதிர்ப்புறமாக. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், இப்படிப் போனால் கடல் எப்போதும் உங்கள் பக்கம் இருக்கும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று மேற்குக் கரையில் முதுகைத் தள்ளும்; கிழக்குக் கரையில் வடக்கே ஏறும்போது அதே காற்று முகத்தில் அறையும். தெற்கு முனையில் ஹெங்சுன் பக்கம் மலையிலிருந்து இறங்கும் குளிர்காலக் காற்றுக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், லுவோஷான்ஃபெங் என்று. சுமையோடு இருக்கும் சைக்கிளைச் சாலைக்குக் குறுக்கே தள்ளும் அளவுக்கு அது வீசும்.

கிழக்கு மட்டும்

எனக்கு இதுதான் பிடிக்கும். ஹுவாலியெனிலிருந்து தைதுங் வரை இரண்டு சாலைகள் பக்கத்துப் பக்கத்தில் தெற்கே இறங்குகின்றன. 11ஆம் எண் சாலை கடலோரம், 9ஆம் எண் சாலை உள்ளே பள்ளத்தாக்கில். இடையில் கரையோர மலைத்தொடர். இரண்டுமே ஏறக்குறைய 170, 180 கிலோமீட்டர்.

கடலோரச் சாலை பார்க்கச் சமதளம்போல் இருந்தாலும் காலுக்கு அப்படி இருக்காது, சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் ஓயாமல் வரும். ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் பச்சை மலை, நடுவில் ஆமிஸ் பழங்குடியினரின் ஊர்கள். ஷிதிபிங்கில் பாறைத் திட்டுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த மரப் பலகை மேடைகளில் டென்ட் போடலாம். காசு கொடுத்து, சனி ஞாயிறென்றால் முன்பதிவும் செய்துகொள்ள வேண்டும். டென்ட் எடுத்துப் போவதற்கு இந்த ஓர் இரவே நியாயம் என்பேன். அதற்குத் தெற்கே சிங்பூவில் கடகரேகையைக் காட்டும் வெள்ளைத் தூண் நிற்கிறது. அதைத் தாண்டினால் வெப்பமண்டலம். நமக்கு இன்னும் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான்.

பள்ளத்தாக்குச் சாலை தட்டை. நெல் வயல், வெந்நீர் ஊற்று, ரயில் பாதை. சிஷாங்கில் அரிசி பிரசித்தம். மெல்லிய மரப் பெட்டியில் அடைத்து விற்கும் சிஷாங் சோற்றுப் பொதியை ரயில் பயணிகள் பல தலைமுறையாக வாங்கித் தின்கிறார்கள். யூலிக்கும் ஃபூலிக்கும் நடுவில் கைவிட்ட தண்டவாளத் தடத்தைச் சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது அல்லவா, அந்தப் பாதை ஓர் ஆற்றுப் பாலத்தின்மேல் யுரேசியத் தட்டிலிருந்து பிலிப்பைன் கடல் தட்டுக்குத் தாண்டுகிறது. பாலத்தில் எல்லையைக் குறித்து வைத்திருக்கிறார்கள். முன்சக்கரம் ஒரு தட்டிலும் பின்சக்கரம் இன்னொன்றிலும் நிற்க ஒரு போட்டோ எடுக்காமல் யாரும் நகர்வதில்லை. இந்த இரண்டு தட்டுகளின் மோதலில் எழுந்ததுதான் தீவின் அத்தனை மலையும், அடிக்கடி வரும் நிலநடுக்கமும்.

இரண்டில் எது? முழங்கால் பலவீனம் என்றால் பள்ளத்தாக்கு. டென்ட் இருந்தால் கடலோரம். ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. சாங்பின்னிலிருந்து 30ஆம் எண் சாலை மலையைத் துளைத்து யூலிக்கு வருகிறது. அதில் நீண்ட சுரங்கம் ஒன்று உண்டு, பின்விளக்கு கட்டாயம். கடலோரத்தில் பாதி, பள்ளத்தாக்கில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

குறுக்கே கடப்பது

வூலிங் கணவாய் என்றால் சைக்கிள்காரர்களுக்குக் கண் விரியும். 3,275 மீட்டர், தைவானில் தார்ச் சாலை தொடும் மிக உயரமான இடம். ஹுவாலியென் கடற்கரையிலிருந்து டாரோகோ பள்ளத்தாக்கு வழியே 105 கிலோமீட்டர் ஏறும் தைவான் கே.ஓ.எம். (கிங் ஆஃப் த மவுன்டன், மலையின் ராஜா) சைக்கிள் பந்தயம் இங்கேதான் முடியும். 2017இல் இத்தாலியப் பந்தய வீரர் வின்சென்சோ நிபாலி அதை 3 மணி 20 நிமிடத்துக்குள் ஏறினார். சுமையோடு ஏறும் நமக்கு அது இரண்டு நாள் வேலை. 2,374 மீட்டரில் குவான்யுவான் என்ற இடத்தில் தீவின் மிக உயரமான பெட்ரோல் பங்க் வரும். அங்கே சற்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். உண்மையான சோதனை 2,565 மீட்டரில் தாயூலிங்குக்குப் பிறகு ஆரம்பிக்கும் கடைசிப் பத்துக் கிலோமீட்டர். சில வளைவுகளில் சரிவு இருபது சதவீதத்தைத் தாண்டும். இறங்கித் தள்ளுவதில் வெட்கமே வேண்டாம்.

ஆனால் இந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டத்தில் போட முடியாது. 2024 ஏப்ரல் 3 அன்று ஹுவாலியெனைக் குலுக்கிய நிலநடுக்கம் டாரோகோவைச் சிதைத்துவிட்டது. அங்குள்ள தேசியப் பூங்காவின் பெரும்பகுதி மூடப்பட்டது. அதன்பின் சாலையில் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வண்டிகளை விட்டார்கள். பெரு மழையோ புயலோ வந்தால் அதுவும் நிற்கும். கிளம்பும் வாரத்தில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கிழக்கு வழி அடைத்திருந்தால் இரண்டு மாற்று. ஒன்று, வடக்கே யீலானிலிருந்து 7ஆம் எண் சாலையின் கிளையில் நான்ஷானின் முட்டைக்கோஸ் வயல்களைத் தாண்டி, 1,948 மீட்டர் சியுவான் கணவாய் ஏறி, பழத்தோட்டங்களும் தேயிலையும் சூழ்ந்த லிஷானில் தங்கி, அங்கிருந்து தாயூலிங் போவது. நீளம், ஆனால் ஏற்றம் பல துண்டாகப் பிரிந்து வருவதால் மூச்சு முட்டாது. மற்றொன்று, மேற்கே பூலியிலிருந்து நேராக ஏறுவது. சுமார் 55 கிலோமீட்டரில் 450 மீட்டரிலிருந்து 3,275க்கு. சிங்ஜிங் பண்ணை வரை ஓட்டலும் கடையும் நெருக்கமாக இருக்கும், அதற்கு மேல் அருகிவிடும். வூலிங்கை எட்டிப்பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் பூலியில் பைகளை விடுதியில் வைத்துவிட்டு, மழைச்சட்டையும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டு விடிகாலையில் ஏறி, அதே வழியில் இறங்குங்கள். மதியத்துக்குமேல் மேகம் வந்து அடைத்துக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வூலிங்கும் அதைச் சுற்றிய ஹெஹுவான்ஷான் பகுதியும் டாரோகோ தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் டென்ட் போடக் கூடாது, மாட்டினால் அபராதம். தமிழ்நாட்டு உடம்புக்கு அந்த உயரத்து இரவும் லேசுப்பட்டதல்ல. ஜனவரி, பிப்ரவரியில் அங்கே பனி பெய்யும், சாலையில் சங்கிலி மாட்டிய கார்களை மட்டும் விடும் நாட்களும் உண்டு. அங்கே படுப்பதானால் முன்பதிவு செய்த விடுதியில் படுங்கள். நட்சத்திரம் பார்க்க மட்டும் வெளியே வாருங்கள். 2019இல் சர்வதேச இருள்வான் பூங்கா என்று அங்கீகாரம் பெற்ற இடம் அது, பார்க்காமல் தூங்கினால் நஷ்டம்.

டென்ட் வைத்திருப்பவருக்கு என் ஓட்டு தெற்குக் குறுக்குச் சாலைக்கு, அதாவது 20ஆம் எண் சாலைக்கு. 2009 ஆகஸ்டில் மொராகோட் புயல் இதைத் தின்றுவிட்டது. திரும்ப முழுதாகத் திறந்தது 2022 மே மாதத்தில். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் மனித நடமாட்டம் குறைந்ததால் காடு தன் இடத்தை மீட்டுக்கொண்டிருக்கிறது. உச்சி யாகோ, 2,722 மீட்டர். வூலிங்கைவிட 550 மீட்டர் குறைவு, சரிவும் கொஞ்சம் கருணையானது. கிழக்கிலிருந்து ஏறினால் பாறையில் வெந்நீர் கசியும் வூலு பள்ளத்தாக்கு, அப்புறம் ஆயிரம் மீட்டர் உயரத்தில் படிக்கட்டு வயல்களோடு லிடாவ் என்ற புனுன் பழங்குடி ஊர். முதல் இரவுக்கு லிடாவ். மறுநாள் விடியுமுன் கிளம்பி ஷியாங்யாங், யாகோ சுரங்கம், பிறகு மெய்ஷான் வரை நெடிய இறக்கம். ராத்திரி பாவ்லாயின் வெந்நீர்த் தொட்டியில் காலை நனைத்துக்கொள்ளலாம்.

கட்டுப்பாடுகள் உண்டு. ஷியாங்யாங்குக்கும் மெய்ஷானுக்கும் இடையே காலை முதல் மதியம் வரைதான் உள்ளே விடுவார்கள், மாலைக்குள் மறுமுனையில் வெளியேறிவிட வேண்டும், வாரத்தில் சில நாள் பராமரிப்புக்கென்று மூடிவிடுவார்கள். புயல் அடித்தால் மாதக்கணக்கில்கூட மூடப்படும். இந்தத் துண்டில் கடையை நம்பாதீர்கள். ஒரு முழு நாளுக்கான சாப்பாட்டை லிடாவிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே படுப்பது

காட்டில் நினைத்த இடத்தில் டென்ட் போடலாம் என்ற நினைப்போடு போகிறவர்களுக்குத் தைவான் கொஞ்சம் ஏமாற்றம். தேசியப் பூங்காவில் தடை. மலைச்சாலை ஓரத்தில் தட்டையான இடம் தென்பட்டால் அது பெரும்பாலும் முன்பு கல் விழுந்து, பின்னர் சுத்தம் செய்த இடமாக இருக்கும். இன்னொரு முறை விழாது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அடுத்த ஆசை ஆற்றங்கரை. பார்க்க அழகான மணல் திட்டு, பக்கத்திலேயே ஓடும் தண்ணீர். மேலே மலையில் பெய்யும் மழை உங்களுக்குத் தெரியாமலே வெள்ளமாக இறங்கிவிடும். வானம் தெளிந்திருந்தாலும் ஆற்றுக்குள் படுக்காதீர்கள். கடற்கரையில் ராத்திரி கடலோரக் காவல்காரர்கள் டார்ச்சோடு வந்து பார்ப்பது சகஜம். அநேகமாக விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

தைவானில் நடைமுறையில் ஓடுவது ஒளிந்து படுப்பதைவிடக் கேட்டுப் படுப்பது. மலை ஊர்களில் போலீஸ் நிலையத்துக்குப் போய், மொழிபெயர்ப்பு ஆப்பில் "ஒரு ராத்திரி மட்டும், டென்ட் போட இடம் உண்டா?" என்று காட்டினால் அநேகமாக வழி பிறக்கும். பின்பக்க முற்றத்தைக் காட்டுவார்கள், இல்லையென்றால் போனைப் போட்டுப் பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ இடம் ஏற்பாடு செய்வார்கள். முடியாது என்றால் அதையும் பணிவாகச் சொல்வார்கள், வாதாடக் கூடாது. ஆமிஸ், புனுன் ஊர்களில் சர்ச் வளாகம் நல்ல இடம். பெரிய கோயில்களில் யாத்திரிகர்களுக்கென்று தனிக் கட்டடமே இருக்கும். காணிக்கையாகவோ சிறு வாடகையாகவோ கொடுத்து அறையில் படுக்கலாம். பள்ளி மைதானம் என்றால் சனி, ஞாயிறு உத்தமம். மற்ற நாளில் பிள்ளைகள் வருமுன் மடித்துக் கிளம்பிவிட வேண்டும்.

காசு கொடுக்கும் முகாம் இடங்களும் ஏராளம். தைவான்காரர்களுக்குச் சமீப வருடங்களில் கேம்பிங் பைத்தியமே பிடித்திருக்கிறது. அது கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கான ஏற்பாடு. கட்டணம் ஆளுக்கு என்றில்லாமல் இடத்துக்கு இவ்வளவு என்று இருப்பதால் தனியாக வரும் சைக்கிள்காரருக்குக் கட்டுப்படியாகாது; சில சமயம் சின்ன அறை வாடகையே அதைவிட மலிவு. வார நாளில் போய்ப் பேசிப் பார்த்தால் குறைப்பார்கள். வார இறுதியில் இடமும் கிடைக்காது, பக்கத்து டென்ட்டின் பாட்டுச் சத்தத்தில் தூக்கமும் வராது.

பூச்சியைச் சொல்லாமல் விட முடியாது. பாம்பும் நாயும் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். நிஜத்தில் உங்களை அழவைக்கப்போவது, அங்கே 'சின்னக் கறுப்புக் கொசு' என்று சொல்லப்படும் கடிப்பூச்சி. மிளகுப் பொடித் தூள் அளவு. ரீங்காரமே கிடையாது. பகலில், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், குறிப்பாகப் பாசி படிந்த சுவர் ஓரத்தில் முழங்காலுக்குக் கீழே மொய்க்கும். கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும். ஹுவாலியென், தைதுங் பக்கம் மதியம் சாலையோர மண்டபத்தில் கால் நீட்டிப் படுக்கலாம் என்று ஆசைப்பட்டால், முழுக் கால்சட்டையும் பூச்சித் தைலமும் போட்டுக்கொண்டு படுங்கள். டென்ட் வாங்கும்போது வலை நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுப்பு: கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. திருகு மாட்டும் மலையேற்றக் குப்பிக்குப் பெரிய ஊரில் அதற்கான கடை தேட வேண்டும். மேசை அடுப்புக்குப் போடும் நீளமான பியூட்டேன் குப்பி சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைப்பதால், அதற்கேற்ற அடுப்போ அடாப்டரோ எடுத்துப் போவது புத்திசாலித்தனம். கிழக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு அடுப்பே தேவையில்லை. சோற்றுப் பொதி வாங்கிச் சாப்பிடுங்கள்.

யாருக்கு எது

பத்து நாள்தான் லீவு, மலை ஏறிப் பழக்கமில்லை என்றால் டென்ட் இல்லாமல் முழுச் சுற்று. சைக்கிளைக்கூட அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஏறுவதுதான் போதை என்றால் பூலியிலிருந்து சுமையில்லாமல் வூலிங். அதற்கும் டென்ட் வேண்டாம். டென்ட் எடுத்தே தீருவேன் என்பவருக்கு நான் போட்டுக் கொடுக்கும் ரூட் இது: தைபேயிலிருந்து ரயிலில் ஹுவாலியென், கடலோரமாக ஷிதிபிங், சாங்பின்னில் திரும்பி யூலி, தண்டவாளத் தடத்தில் ஃபூலி, சிஷாங், அங்கிருந்து 20ஆம் எண் சாலை ஏறி லிடாவ், யாகோ, பாவ்லாய், இறங்கி தைனான், அதிவேக ரயிலில் தைபே. தூரம் ஐந்நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும். ஒரு வாரம் போதும், பத்து நாள் வைத்துக்கொண்டால் 20ஆம் எண் சாலை மூடியிருக்கும் நாளில் சிஷாங்கில் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

மாதம் அக்டோபர் பிற்பாதி, நவம்பர், அல்லது மார்ச், ஏப்ரல். மே, ஜூனில் விடாத மழை. ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல். நவம்பரில் போனாலும் 2,000 மீட்டருக்கு மேல் இரவு வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், தூங்கும் பையை அதற்குத் தக்கபடி வாங்குங்கள். கியர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம், முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். பிரேக் பேட் ஒரு ஜோடி உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள். யாகோவிலிருந்து மேற்கே இறங்கும்போது மழை பிடித்தால் பழைய பேட் அன்றைக்கே தேய்ந்து இரும்பு தெரிந்துவிடும், மெய்ஷானில் சைக்கிள் கடை இல்லை.